பதினாறு டாலர் எச்சில்

ஜாக்கெட் தைக்கும் தொழிற்சாலையில்
கூலிக்கணக்கு எழுதினேன், இருபத்தொரு வருஷம்.
வெள்ளிதோறும் நூற்று நாற்பது சம்பள உறைகளை
நாக்கால் நனைத்து ஒட்டியவள்.
அந்தப் பசையின் ருசியைக் கேட்டால் இப்போதும் சொல்வேன்:
பழைய பனங்கற்கண்டு, கொஞ்சம் காகிதம்.

போன மாதம் ஒரே ஒரு உறை.
மரகதவல்லி வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்து.
நாக்கு காகிதத்தில் ஒட்டிக்கொண்டது,
உறை ஒட்டவில்லை.

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஹீட்டர் ஊதி ஊதி வீடே காய்கிறது,
அதனால்தான் என்று நினைத்து
ஈரப்பதம் கக்கும் கருவி ஒன்று வாங்கினேன்.
ஜன்னல் நனைந்தது. வாய் நனையவில்லை.

ராத்திரி மூன்று மணிக்கு
மேலண்ணத்திலிருந்து நாக்கை உரித்தெடுக்க வேண்டும்,
கல்லில் பிடித்துக்கொண்ட முதல் தோசை மாதிரி.
உரித்ததும் ஒரு பெப்பர்மின்ட்.
தலையணைக்கடியில் ஒரு டப்பா,
கோட்டுப் பையில் ஒரு டப்பா.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கும் நீட்டுவேன்.
எச்சில் கையால் காக்காய் விரட்டாதவள் என்று
என்னைச் சொல்ல முடியாது.

டாக்டர் ஃப்ரீசன் விளக்கைக் கீழே இழுத்தார்.
ஈறோரம், வேர் தெரியும் இடங்களில், ஏழு சொத்தை.
போன வருஷம் ஒன்றுகூட இல்லையே என்றார்.
இல்லை என்றேன், வாயைத் திறந்தபடி.
அது ஆ என்று கேட்டது.

பல் சுத்தம் செய்யும் மரிவிக்தான் கேட்டாள்,
என்னென்ன மாத்திரை? எல்லாம் சொல்லுங்கள்.
கைப்பையைக் கவிழ்த்தேன்.
ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. கூடவே நீரை இறக்க ஒன்று.
இறங்கும் நீரை அடக்க ஒன்று.
பாத எரிச்சலுக்கு, அதுவே தூக்கத்துக்கும்.
மூக்கு ஒழுகாமலிருக்க
நானே கடையில் எடுத்தது ஒன்று.
மூன்றின் மேல் விரல் வைத்தாள்.
கொஞ்சம் யோசித்து, நான்காவதன் மேலும்.

ஒழுகாதே என்றோம்; உடம்பு கேட்டுக்கொண்டது,
சொல்லாத இடத்திலும்.

மூன்று வைத்தியர்கள். நல்லவர்கள்.
இதயத்தைப் பார்த்தவர் பாதத்தைப் பார்க்கவில்லை.
நாக்கை நீட்டச் சொன்னவர் யாருமில்லை.
நானும்தான் சொல்லவில்லை.
வாய் காய்கிறது என்பதெல்லாம்
ஒரு வியாதியா, வெளியே சொல்ல?

கட்டைவிரல் உயரக் குப்பி, பதினாறு டாலர்.
செயற்கை உமிழ்நீர் என்கிறார்கள்.
எச்சில்தான்.
எங்கள் வீட்டில் தம்ளர் உதட்டில் படக்கூடாது.
பாத்திரம் தேய்க்க வரும் செல்லாயிக்கு
கொல்லை மாடத்தில் தனி தம்ளர், கவிழ்த்தபடி.
அவள் எச்சிலுக்கு அத்தனை பயந்தோம்.
இன்று யாருடையதும் அல்லாத எச்சிலை
கிரெடிட் கார்டு தேய்த்து வாங்கி
அண்ணாந்து, உதட்டில் படாமல்,
பீய்ச்சிக்கொள்கிறேன்.

நானாக எதையும் நிறுத்தக்கூடாதாம்.
மருந்துக்கடைக்காரர் மூவருக்கும் எழுதியிருக்கிறார்.
பதில் வரும்வரை மடக்கு மடக்காய்த் தண்ணீர்,
படுக்குமுன் ஃப்ளூரைடு பசை.
பெப்பர்மின்ட் டப்பாவில் இப்போது சட்டைப் பித்தான்கள்.

செவ்வாய்க்கிழமை, சார்ஜென்ட் சாலையில்
பிலிப்பைன்ஸ் கடை மாங்காய்.
நறுக்கக்கூட இல்லை. காம்பைக் கிள்ளினேன்,
பால் வாசம் வந்தது.
இரண்டு காதுக்கும் கீழே சுருக்கென்று இழுத்து
நாக்கடியில் ஒரு துளி.

எங்கே வைத்தேன்,
அந்த உறையை.