ஒற்றைக் கொடி

நான் கம்பங்களுக்குப் பின்னால் நின்றவன்.
இரண்டு கொடி அசைத்தால் கோல்.
ஒன்று மட்டும் அசைத்தால்
பந்து நெட்டைக் கம்பத்துக்கும் குட்டைக் கம்பத்துக்கும் நடுவே
போய்விட்டதென்று பொருள்.
அதற்கும் பெயருண்டு, நோட்டில் இடமுண்டு,
மதிப்புத்தான் கிடையாது.

ஜேபஸ் ட்ரெனரிக்கு நான் அசைத்ததெல்லாம்
பெரும்பாலும் ஒற்றைக் கொடி.

யாரா ஆற்றங்கரைத் தோல் பட்டறையில்
வாரம் முழுக்க மாட்டுத்தோல் சுரண்டுவான்.
சனிக்கிழமை மதியச் சங்கு ஊதியதும்
சுண்ணாம்பு நாறும் கையோடு ஓடி வருவான்.
முட்டை வடிவப் பந்தை வாங்கி முகர்ந்து பார்த்து
"நம்ம பட்டறைத் தோல் இல்ல இது,
சரியா ஊறவைக்கல பயலுக" என்பான்.
பிறகு ஒருவன் முதுகில் முழங்கால் ஊன்றி
அதே பந்தை வானத்திலிருந்து பறிப்பான்.
வேலியோரத்து வண்டிக் குதிரைகள்கூட நிமிர்ந்து பார்க்கும்.

உதை மட்டும்
அரை முழம் இடப்பக்கம் சாயும்.

ஆட்டத்துக்குக் கூலி வாங்கக்கூடாதென்பது சட்டம்.
ஜெயித்த நாளில் அவன் பூட்ஸுக்குள் யாரோ
அரைப் பவுன் காசை மறந்துவிட்டுப் போவார்கள்.
தோற்ற நாளில் சேறு.

தொண்ணூற்று நான்கு, ஆகஸ்ட், மூடுபனி.
கடைசி மணிக்குச் சற்று முன் அவன் உதைத்தது
என் தலைக்கு மேலே எங்கோ போயிற்று.
கம்பத்தில் உரசிய சத்தமா,
வேலிக்கு அப்பால் எவளோ குடை மடக்கிய சத்தமா?
என் கை ஒரு கொடியை எடுத்தது.
மெல்பர்ன் முழுக்க என்னைத் திட்டியது, பனிக்குள்ளிருந்து.
அவன் வாதாடவில்லை. பார்த்தான்.
முகம் தெரியாத தூரந்தான்,
ஆனாலும் பார்த்தான்.

அடுத்த பருவம், மூன்றாவது ஆட்டம், முழங்கால் போயிற்று.
நொண்டிக்கொண்டே கப்பலேறி
கூல்கார்டி தங்க வயலுக்குப் போனான்.
அங்கே தண்ணீரை விற்கிறான் என்றார்கள்.
தங்கம் கிடைத்ததாக யாரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழில் விதி மாறியது.
கோலுக்கு ஆறு புள்ளி,
ஒற்றைக் கொடிக்கும் இனி ஒன்று.

அன்றிரவு பழைய நோட்டுகளை இறக்கி
விளக்கைத் தூண்டிவிட்டு அவன் பெயரை மட்டும் எண்ணினேன்.
நூற்றுப் பதினேழு.
ஆறால் வகுத்தால் பத்தொன்பதரை கோல்.
அரைக் கோல் என்று எதையும்
என் வாழ்நாளில் நான் அசைத்ததில்லை.

'ஜேபஸ் ட்ரெனரி, தபால் நிலையம், கூல்கார்டி'
என்று உறைமேல் எழுதி முடித்தேன்.
உள்ளே எழுத ஓர் எண்தான் இருந்தது.
பேனாவில் மை காய்கிறது:
நூற்றுப் பதினேழா,
நூற்றுப் பதினாறா.