வெள்ளிக்கிழமைக்கு மேல்

பல்லடம் தாண்டிக் காமநாயக்கன்பாளையம் போகும் வழியில்
குஞ்சு பொரிக்கும் பண்ணை.
மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.
என் லேப்டாப்புக்கும் ஒரு துடைப்பு.

நாலாம் அறை. பத்தொன்பதாம் நாள்.
நாற்பதாயிரம் முட்டை
முப்பத்தேழு டிகிரியில்.
சூட்டைக் காவல் காக்கும் கம்ப்யூட்டர் மட்டும்
காலையிலிருந்து ஊமை.
மோடத்தை மாற்றிய பையன்
எண் வரிசையையும் மாற்றிவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறான்.
இது இன்னும்
இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஒருக்கா அமத்திப் போடுங்களேம்மா"
என்றார் சூப்பர்வைசர் சென்னியப்பன்.
"எங்கூட்டு டிவி அப்படித்தானுங் செரியாகுது."

வேண்டாமுங்க.
இது எழுந்து வர ஆறு நிமிஷம்.
எழாமல் போன கதையும்
உங்கள் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது,
போன ஆடியில், பச்சை மையில்.

முகவரியை மாற்றினேன்.
நெட்வொர்க் கார்டை மட்டும் அணைத்து உயிர் கொடுத்தேன்.
பிங்.
பதிலில்லை.
பதிலில்லை.
சென்னியப்பன் மீசையிலிருந்து கையை எடுத்தார்.
மூன்றாவதுக்கு வந்தது,
அப்புறம் வரிசையாக.

முகவரிக்கு அவ்வளவுதான்.
நானும் மாறினேன் போன தையில்,
காங்கயத்திலிருந்து மினி ஆட்டோவில்:
ஒரு சிலிண்டர், இரண்டு பெட்டி,
ஓரம் பிரிந்த மெத்தை, மகள்.
பால்காரர் மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்.
யாரும் என்னை அணைத்து எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

பெயர் அப்படியில்லை.
மெஷின் இன்னும்
பண்ணையை விற்றுப் போனவர் பேரில் ஓடுகிறது.
"அதையும் மாத்தீருங்கம்மா."
மாற்றினேன். உடனே முளைத்தது பெட்டி:
மறுபடி தொடங்கினால்தான் இது செல்லும்.
இப்போதா? பிறகா?

ரேஷன் கார்டில், பாஸ்புக்கில்,
கவிநிலாவின் பள்ளிச் சான்றில்
அவருடைய எழுத்து
என் பெயருக்கு முன்னால் நிற்கிறது.
கோர்ட்டில் வாய்தா புரட்டாசிக்குப் போயிருக்கிறது.
அவள் பத்தாவது எழுதி முடிக்கட்டும் என்று
நானும் ஒரு பெட்டியை
மூடாமல் ஓரமாய்த் தள்ளி வைத்திருக்கிறேன்.

பிறகு, என்று அழுத்தினேன்.

"ஏனுங், ஆகலீங்களா?"
ஆச்சுங்க. பேர் மட்டும் பாக்கி.
வெள்ளிக்கிழமை குஞ்சு எறங்கட்டும்.
தட்டெல்லாம் கழுவி ரூம் காலியானதும் கூப்பிடுங்க,
வந்து அமத்திப் போடறேன்.

வவுச்சரில் கையெழுத்துப் போட்டபோது
பழைய இனிஷியல் தானாக வந்துவிட்டது.
அடிக்கப் போனேன்.
"அடிச்சுடாதீங்கம்மா,
திருத்தல் இருந்தா ஆபீஸ்ல காசு குடுக்க மாட்டாங்."