சுருக்கக் குறி

வடக்கு டகோட்டா, பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
மின் கட்டண விசாரணைக் கூடத்தில் மட்டும்
கோட்டைக் கழற்றிப் போடும் அளவுக்கு வெப்பம்.
மூலையில் நான், எந்திரத்தோடு.
தும்மினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இருபத்திரண்டு கட்டைகள்.
ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வந்தால்
அதற்கொரு குறி வைத்துக்கொள்வோம்:
ஒரே அழுத்து, முழுத் தொடர்.
"முதலீட்டுக்கு நியாயமான ஆதாயம்" என்று
டாக்டர் தோர்ஸ்ருட் முதல் நாள் காலையில் மட்டும்
நாற்பத்தொரு முறை சொன்னார்.
மதியச் சாப்பாட்டுக்குள் அது
என் இடது கைக்குள் இறங்கிவிட்டது.

நல்ல குரல். அவசரமில்லாத ஆள்.
எங்களைப் போன்றவர்களுக்கு அப்படியொரு சாட்சி வாய்ப்பது வரம்.
பொருளாதார நிபுணர்,
சமவெளிக் கொள்கை மையத்தின் மூத்த ஆய்வாளர்.
"கம்பெனிக்காகப் பேசவில்லை, சான்றுகளுக்காகப் பேசுகிறேன்."
சான்று: மையத்தின் அறிக்கை, 2019.
அதற்குச் சான்று: மையத்தின் அறிக்கை, 2016.
அதற்குச் சான்று அவரே,
ஏதோ ஒரு விருந்தில் ஆற்றிய உரை.

நுகர்வோர் தரப்பு வக்கீல் மரிட் ஓஸ்ட்பி
மூக்கடைப்போடு கேட்டார்:
மையத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?
"அது நன்கொடைப் பிரிவின் வேலை.
நான் அந்த மாடிக்கே போவதில்லை."
(சிரிப்பு.)

சிரிப்பைப் பதிய வேண்டும், விதி.
சிரித்தது யாரென்று பதிய வேண்டியதில்லை.
சிரித்தவர் ஆணையர் ஹால்வர்சன்.
போன ஆகஸ்டில் மையத்தின் செலவில்
ஏரிக்கரை விடுதியில் மூன்று நாள் தங்கி
ஒழுங்குமுறை பயின்றவர்.
இடைவேளையில் இருவரும் தூண்டில் பற்றிப் பேசினார்கள்,
எந்த முள்ளுக்கு எந்த மீன் என்று.
இடைவேளை பதிவாகாது.

மூன்றாம் நாள் பொதுமக்கள். ஆளுக்கு மூன்று நிமிடம்.
டெல்வினா லாஃப்ரம்பாய்ஸ், சலவைக்கூடம் நடத்துபவர்,
ரப்பர் பேண்ட் போட்ட பன்னிரண்டு பில்களோடு வந்தார்.
"உலர்த்த ஒன்றரை டாலர் வாங்கினேன். இப்போது இரண்டே கால்.
ஜனங்கள் ஈரத் துணியை அப்படியே அள்ளிக்கொண்டு போகிறார்கள்.
கார் வரைக்கும் போவதற்குள் விறைத்துப் போகிறது.
நேற்று ஒரு பையனுடைய பேண்ட்
பனியில் தானாக நின்றது, ஆளில்லாமல்."

இதில் எதற்கும் என்னிடம் குறி இல்லை.
எழுத்தெழுத்தாகத் தட்டினேன், பின்தங்கினேன்.
மணி அடித்தது.
அவர் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது,
மைக் அணைந்திருந்தது.
(நேரம் முடிந்தது.)

ஜூனில் ஆணை வந்தது. தொண்ணூற்றாறு பக்கம்.
பதினேழிலிருந்து முப்பது வரை தோர்ஸ்ருட்தான்,
மேற்கோள் குறிகளைக் கழற்றி வைத்துவிட்டு.
என் விரல்களுக்கு அடையாளம் தெரியாதா?
நேற்று வரை சாட்சியம், இன்று சட்டம்.
லாஃப்ரம்பாய்ஸ், அடிக்குறிப்பு 112:
பிற கருத்துகளும் பெறப்பட்டன.

இருபத்திரண்டாம் பக்கத்தில் நின்றேன்.
"வாடிக்கையாளரின் வருத்தத்துக்கு இணங்கவே
இக்கட்டணம் அமைக்கப்படுகிறது."

அவர் சொன்னது விருப்பம்.
இரண்டாம் நாள் நாலரை மணி வாக்கில்
என் விரல் சறுக்கியிருக்கிறது.
கம்பெனி வக்கீல்கள் நாலு பேர், ஆணையர்கள் மூன்று பேர்,
மையத்தில் எத்தனை பேரோ,
ஒருவரும் படிக்கவில்லை.
வெட்டி, ஒட்டி, கையெழுத்து.

முப்பத்தொரு வருடத்தில்
ஒரு காற்புள்ளிக்குக்கூடத் திருத்தச் சீட்டு அனுப்பியவள் நான்.
முப்பது நாள் அவகாசம் உண்டு.
இன்று இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை.
இழுப்பறையிலிருந்து நீலப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.
காபி போட்டேன்.
கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டேன் போலிருக்கிறது,
வட்டமாகக் கறை.

வேறு படிவம் வாங்க வேண்டும்.
அலுவலகம் இனித் திங்கள்தான் திறக்கும்.