ரேயால்

கடிதம் மார்ச்சில் வந்தது.
ஸ்வென்யா செக்குண்டார்.
நான் ரேயால்.
லாங்கென்தாலில் இரண்டுக்கும் ஒரே கட்டடம், ஒரே மணி.
நடுவில் ஒரு மாடிப்படி மட்டும்.

“ரேயால் எண்டால் என்ன பிள்ளை, நல்லதோ?”
அம்மா கேட்டா,
முதியோர் இல்லத்துச் சீருடையைக் கழற்றாமலே.
“உண்மையானது எண்டு அர்த்தம் அம்மா.”
பொய்யில்லை.
அகராதியில் அப்படித்தான் இருக்கிறது.

ஓகஸ்டில் ஸ்வென்யா
சைக்கிள் கொட்டகையில் எனக்காக நின்றாள்.
தன் வகுப்பு மூன்றாம் மாடி என்றாள்,
அங்கிருந்து தண்டவாளம் தெரியுமாம்.
இலையுதிர்கால விடுமுறை முடிந்து வர
அவளோடு மூன்று பேர்,
நாலு சோடி வெள்ளைச் சப்பாத்து.
கையை அரைவாசிக்குத் தூக்கினாள்.
கடந்து போனபின் யாரோ சிரித்தார்கள்.
எதற்கென்று தெரியாது.
வீடுவரைக்கும்
என் சப்பாத்தைப் பார்த்தபடியே நடந்தேன்.

அந்தக் கிழமைதான் அப்பா
சோபாவில் படுக்கத் தொடங்கினார்.
“முதுகு நோவாம்,”
நான் கேட்காமலே சொன்னா அம்மா,
கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு.
அந்தச் சோபா எனக்குத் தெரியும்.
நடுவில் குழி.
நானும் தம்பியும் குதித்துக் குதித்து விழுத்திய குழி.
முதுகு நோகிறவர் படுக்கிற இடமா அது?

தலையாட்டினேன்.
ஆட்டும்போதுதான் நினைவு வந்தது:
மார்ச்சில் அம்மாவும்
இவ்வளவு மெதுவாகத்தான் தலையாட்டினா.

இப்போதெல்லாம் ஆறு மணிக்கு எழும்புகிறேன்.
அப்பா முதல் ரயிலுக்குப் போயிருப்பார்.
போர்வையை மடித்து அலுமாரிக்குள் வைக்கிறேன்,
தம்பி கண் முழிக்க முன்னம்.
தலையணையில் இன்னும் கொஞ்சம் சூடு.