கரைவுக் கணக்கு

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒரு பார் ஐம்பது கிலோ என்று எழுதி அனுப்புவேன்.
கோணி போர்த்திக்கொண்டு மீன்பாடி வண்டி போகும்.
வார்ஃபில் இறக்கும்போது நாற்பத்து மூன்று.
மீதி ஏழு யார் தலையில் என்று
போட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும்
பதினோரு வருஷமாய்ப் பேச்சு.

அதனால்தானோ என்னவோ
தங்கச்சி அன்சில்டாவின் தரவரிசைத் தாள்
எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.
போன வருஷப் புள்ளி இந்த வருஷம் முக்கால்.
அதற்கு முந்தினது பாதி.
அதற்கும் முந்தினது தண்ணீர்.

கூட்டல் சரிதான்.
மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.
கூட்டல் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

இந்த ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை.
ஏறி நின்று சுற்றத்தான் இடம் கிடையாது.
எல்லாம் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும்.
அவள் தண்டையார்பேட்டைத் திடலில்
காலில் சக்கரம் கட்டிக்கொண்டு எம்புவாள்,
காற்றில் இரண்டு சுற்று.
சிமெண்ட் தரை மதிப்பெண் குறைக்காது,
தோலைத்தான் எடுத்துக்கொள்ளும்.
வருஷத்துக்கு ஆறு வாரம் வடக்கே போய்
நிஜப் பனிக்களத்தில் பழகுவாள்.
மணிக்கு என்ன வாடகை என்று அம்மா கேட்டால்
பாதிதான் சொல்வேன்.

போட்டிக்குப் போனால் புள்ளி.
புள்ளி இருந்தால் போட்டிக்குக் கூப்பிடுவார்கள்.
இதில் எங்கே ஏறுவது என்று
சங்கத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.
"ஆரம்பத்திலிருந்துதான் மேடம்" என்றார்.
நல்ல மனுஷர். சிரிக்கவில்லை.

பட்டியல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு போட்டி.
மூன்று பேருக்கு ஒவ்வொன்று.
கடைசியில், கோடு போட்டு அதற்குக் கீழே,
முதல் மாற்று: அன்சில்டா.
அப்படியென்றால்
யாருக்காவது ஏதாவது ஆனால் நீ.

அன்றிலிருந்து கதவோரம் ஒரு பெட்டி.
எம்.சி. ரோட்டில் துணி எடுத்து
வீட்டிலேயே மணி ஒட்டிய நீல உடுப்பு,
எண்ணெய்த் துணியில் சுற்றிய பிளேடு.
ராயபுரம் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும்போது
என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றாள்.
ஏழு பேரையும் அவளுக்குத் தெரியும்.
மூன்றாம் இடத்து குர்லீன்
போன சீசனில் தன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தவள்,
இவளுடையது அறுந்தபோது.
குர்லீனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்றா?
பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன் என்றாள் வெளியே வந்து.
பொதுவாக என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை.
நான் பெயர் சொல்லியே கேட்டிருந்தேன்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன்.
எனக்கு அரைகுறை இந்தி.
சோட் என்பது மட்டும் புரிந்தது, அடி.
குர்லீன் என்பதும்.

அன்சில்டா எழுந்து உட்கார்ந்தாள்.
பெட்டியைப் பார்க்கவில்லை.
"எந்தக் கால்?" என்றாள்.
இறங்கி நிற்கிற வலது காலா என்று
மறுபடியும் கேட்டாள், குரல் உடைந்து.

சுவருக்கு அந்தப் பக்கம்
நடுராத்திரி போட்டுகளுக்காக
ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
அந்தச் சத்தத்துக்கு மேலே
ஃபோனைப் பிடுங்கி நான் கேட்டது,
"டிக்கெட் யார் போடுவீங்க?"