பாட்டுச் சுற்று

செவ்வாய்க்கிழமைகளில்
பென்சில் என் கையில்தான் இருக்கும்.
கிரிம்ஸ்பியில், மீன் சந்தைக்குப் பின்தெருவில்,
பாதி விளக்கெரியும் மதுக்கடையில் வினாடி வினா.
வரலாறு டெஸ்மண்டுக்கு.
பூகோளம், கப்பலில் சமையல்காரராயிருந்த ஆர்ச்சிக்கு.
யாருக்கு யார் எத்தனையாவது மனைவி என்பதெல்லாம் வினிஃப்ரெடுக்கு.
பாட்டுச் சுற்று எனக்கு.
மூன்று நொடி போதும்.
பாடுகிறவர் மூச்சிழுக்கும் சத்தத்திலேயே
பெயரையும் வருடத்தையும் எழுதிவிட்டு
வறுகடலைக்குக் கை நீட்டியிருப்பேன்.

எப்போது நின்றது, தெரியவில்லை.
யாரும் கதவைச் சாத்தவில்லை.
ஒரு வருடம் அம்மாவின் இடுப்பெலும்பு,
ஒரு வருடம் விவாகரத்து,
அப்புறம் காரில் வானொலி பழுது.
சரிசெய்து தந்தபோது அது
பேச்சு மட்டும் வரும் அலைவரிசையில் நின்றிருந்தது.
கடல் வானிலை:
தென்மேற்குக் காற்று, பிறகு மழை.
எனக்குப் படகு கிடையாது.
ஆனாலும் மாற்றவில்லை.

போன மாதம் சூப்பர் மார்க்கெட்டில்
உறைந்த பட்டாணி எடுக்கக் குனிந்தேன்.
தலைக்குமேல் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு.
பதினேழு வயதில் அதற்காக
அப்பாவோடு பதினொரு நாள் பேசாமலிருந்தேன்.
வீட்டைக் கொளுத்திவிடும் என்றார் அவர்.
கொளுத்தட்டும் என்றேன் நான்.
இப்போது அது
இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்புக்கு
நடுவில் ஒதுங்கி வழிவிட்டது.
பிறகு விட்ட இடத்திலிருந்து
பணிவாகத் தொடர்ந்தது.

இந்தச் செவ்வாய் கேள்வி கேட்டவள் புதிதாக வந்த டாலியா.
பத்துப் பாட்டு, ஒவ்வொன்றும் பதினைந்து நொடி.
ஒன்று: யாரோ தண்ணீருக்கடியில் மன்னிப்புக் கேட்கிறார்கள்.
இரண்டு: அதே ஆள். இன்னும் மன்னிக்கப்படவில்லை.
மூன்று ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார் ஆர்ச்சி,
அது முடிந்த பிறகு.
நான்காவதைப் பக்கத்து மேசை முழுக்கக் கூடவே பாடியது,
ஏதோ பிறந்தநாள் வாழ்த்துப் போல, அத்தனை சுலபமாக.
"இதெல்லாம் ஒரு பாட்டா" என்று வாயெடுத்தேன்.
வாய்க்குள் அப்பாவின் பல்செட்டு இடித்தது.
விழுங்கிவிட்டேன்.

ஒன்பதுவரை தாளில் வெறும் எண்கள்.
டெஸ்மண்ட் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.
பத்தாவது வந்தபோது என் முதுகு நிமிர்ந்தது.
மேலே ஏதோ குரல் எதையோ சொல்லிக்கொண்டிருக்க,
அடியில்,
கீழ்வீட்டில் மேசை நகர்த்துகிறவர்கள் போல,
அந்த பேஸ் கிட்டார்.
நாலு சுரம், ஒரு தயக்கம், மறுபடி நாலு.
எண்பத்து நான்கு. க்ளீதோர்ப்ஸ் கடற்கரை.
ராட்டினத்தின் பின்பக்கம், டீசல் வாசனை,
லெனார்ட் பிக்கரிங் போர்த்திவிட்ட ஈரக் கோட்டு.
எழுதினேன்: பெயர், வருடம்,
இசைத்தட்டின் மறுபக்கத்தில் என்ன இருந்தது என்பதுவரை.

தவறு என்றாள் டாலியா.
இது ஆறு வாரம் முன்னால் வந்தது,
பாடியவளுக்குப் பத்தொன்பது வயது.
"அடியில் இருப்பது என்னுடையது" என்றேன்.
கடை முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.
அரை மதிப்பெண் கொடுக்கலாமா என்று கைதூக்கச் சொன்னாள்.
பக்கத்து மேசையில் ஒரு பையன் மட்டும் தூக்கினான்,
அதுவும் இன்னொரு பீர் கேட்பதற்கு.
ஆறாவது இடம்.
அரை வந்திருந்தாலும் ஆறுதான்.

எலுமிச்சை சோடா குடித்தவள் நான்தான்,
ஆகவே எல்லாரையும் வீட்டில் இறக்கிவிடுவதும் நான்.
கடைசியில் ஆர்ச்சி. அதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது.
அவர் போனதும் வானொலியைத் திருப்பிப் பார்த்தேன்.
தண்ணீருக்கடியில் அதே ஆள்.
முழுதாகக் கேட்டேன், சத்தியமாக.
பிடிக்கவில்லை. அவன் குற்றமில்லை.

பழைய இடத்துக்கே திருப்பினேன்.
கடல் பகுதிகளை வாசித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்,
அவசரமே இல்லாத குரலில்.
டைன், டாகர்.
ஃபிஷர் என்றேன்.
ஃபிஷர் என்றாள்.
ஜெர்மன் பைட் என்றேன்,
அவள் மூச்சிழுக்கும் சத்தத்திலேயே.