வா.சா.ஆ. 7

திருவொற்றியூர் வக்கீல் சங்கத் தேர்தல்.
ஸ்தனிஸ்லாஸ் இருநூற்றுப் பதினான்கு,
தணிகாசலம் இருநூற்றுப் பதின்மூன்று.
செல்லாதவை மூன்று.

மூன்றும் இப்போது பிளாஸ்டிக் உறைக்குள்,
முன்சீப் அம்மாவின் மேசையில்.
ஒன்றில் முத்திரைக்குப் பதில் பேனா டிக்.
ஒன்றில் 'ரெண்டு பேரும் வேண்டாம்' என்று எழுதி
கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார் யாரோ,
தொழில் பழக்கம்.
மூன்றாவது வாதி தரப்புச் சான்றாவணம் ஏழு.
நடுக்கோட்டின் மேலேயே விழுந்த முத்திரை.

அது நான் குத்தியது.

தணிகாசலம் எங்கள் சீனியரின் சகலை.
'வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால்'
என்று தொடங்கும் தீர்ப்பை நேற்றிரவு
பன்னிரண்டு மணிவரை தேடி எடுத்துக் கொடுத்தவள் நான்.
சீனியர் ஸ்கேல் கேட்கிறார்.
இந்தப் பக்கம் ஏழு மில்லிமீட்டர்,
அந்தப் பக்கம் ஆறு.
'மை காயாமல் மடித்திருக்கிறார், அந்த ஆறு வெறும் நிழல்'
என்கிறார் சீனியர்.
எதிர்த்தரப்பு எழுந்து,
'நிழலுக்கு ஓரம் இவ்வளவு கூராக இருக்குமா?'

செல்லும் என்றால் சரிசமம்.
பிறகு குலுக்கல்.

அன்று அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்றபோது
எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி போனது,
மேசை அதிர்ந்தது, உண்மை.
ஆனால் லாரிமேல் பழி போட முடியாது.
அது டோல்கேட் தாண்டிப் போன பிறகும்
முத்திரையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.
பெண் வக்கீல்களுக்குக் கழிப்பறை கட்டியவர் ஸ்தனிஸ்லாஸ்.
சாவி அவர் மேசை டிராயரில்.
தணிகாசலம் கட்டவில்லை,
அதனால் சாவி கேட்டு அவர்முன் நின்றதுமில்லை.
வெளியே வரிசையில் யாரோ
'என்னம்மா, தூங்கிட்டியா?' என்றார்கள்.
குத்தினேன்.

'இதைப் போட்டவர் என்னதான் நினைத்திருப்பார்?'
முன்சீப் அம்மா உறையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கிறார்.
போட்டவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கச்
சட்டத்தில் இடமில்லை, ரகசிய வாக்கு.
நல்லவேளை.
கேட்டிருந்தால் சத்தியம் செய்துவிட்டு
என்ன சொல்லியிருப்பேன்?

சீனியர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுகிறார்.
தீர்ப்பு நகலை வைக்கிறேன்,
பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி.

மறுபடி ஒரு லாரி.
தம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது.
முன்சீப் அம்மா பேச்சை நிறுத்தாமல்
ஏழாம் சான்றாவணத்தின் மேல்
உள்ளங்கையை வைத்து அழுத்துகிறார்.

பதினெட்டாம் தேதிக்கு வாய்தா.